ஒரு செடி, பல சட்டம்: கஞ்சா பற்றிய நாட்டுச் சட்டங்கள் வேறுபட்ட வரலாறு

தோற்றுவாய்

கொலையும் களவும் எந்நாட்டுச் சட்டத்திலும் குற்றமே. தண்டனையின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடலாம். அவை குற்றம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கஞ்சாச் செடியைப் பற்றிய சட்டங்களின் நிலை அவ்வாறு அமையவில்லை. தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில், பதிவு செய்துகொண்ட குடிமகன் 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் மருந்துக் கடையிலேயே கஞ்சாவை விலைகொடுத்து வாங்கலாம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தியதாக மெய்ப்பிக்கப்பட்டவனுக்கு, சட்டம் குறித்த சில விலக்குகள் நீங்கலாக, மரண தண்டனை விதிக்கப்படும். இந்தியாவில் அச்செடியின் பூங்கதிரை வைத்திருத்தல் சிறைக்குரிய குற்றம். அதே செடியின் இலையை அரைத்துச் செய்யும் பாங்கோ இராசத்தானம், உத்தரப்பிரதேசம் முதலிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? அவ்வந்நாட்டுச் சமயமும் வழக்கமுமே காரணம் என்பார் சிலர். மருத்துவ அறிவின் ஏற்றத்தாழ்வே காரணம் என்பார் வேறு சிலர். இவ்விரு விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், வழக்கம் ஒன்றாயுள்ள அண்டை நாடுகளிலும் சட்டம் மாறுபடுதலையும், ஒரே மருத்துவ நூலைக் கற்ற நாடுகள் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தமையையும் நோக்கின், இவ்விடைகள் போதா என்பது விளங்கும். சட்டம் 'கஞ்சா' என்னும் சொல்லுக்கு எப்பொருளை வரையறுத்தது, அவ்வரையறையை எத்துறையினர் எந்நோக்கத்துடன் வகுத்தனர் என்னும் வினாக்களிலேயே தக்க விடை அடங்கியுள்ளது என்பது எம் கருத்து. சொற்பொருளின் எல்லையை ஆராய்தல் தமிழாய்வாளர்க்குப் புதியதொரு முயற்சியன்று. நிகண்டிலும் உரையிலும் நாம் பயின்ற அம்முறையைச் சட்ட வரலாற்றில் செலுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் உறுப்பும்

இச்செடிக்கு 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் 'கன்னாபிசு சட்டைவா' என்று பெயரிட்டார். 1785ஆம் ஆண்டில் இலமார்க்கு என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்தியாவில் விளைவதைத் தனியினமாகக் கொண்டு 'கன்னாபிசு இண்டிகா' என்றார். இஃது ஓரினமா, ஈரினமா என்னும் வழக்கு தாவர நூலாரிடையே நெடுங்காலம் நிகழ்ந்தது. ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் தோன்றுவது இதன் இயல்பு.

நம் நாட்டு மக்கள் இச்செடியை இனத்தால் பகுக்கவில்லை, உறுப்பால் பகுத்தனர். இலை பாங்கு எனப்பட்டது. மகரந்தம் சேராத பெண்செடியின் பூங்கதிர் கஞ்சா எனப்பட்டது. அதன் பிசின் சரஸ் எனப்பட்டது. பாங்கு பாலிலும் இனிப்பிலும் கலந்து உண்ணப்பட்டது. ஏனைய இரண்டும் பெரும்பாலும் புகைக்கப்பட்டன. வங்கத்து நவகாம் வட்டாரத்தில் கஞ்சா பயிரிட்டோர், ஆண்செடிகளைக் கண்டறிந்து களைவதற்கென்றே தேர்ச்சி பெற்றோரைக் கூலிக்கு அமர்த்தினர். ஆண்செடி நின்றால் பெண்பூ விதைகொண்டு பிசின் குன்றும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இம்மூன்று பெயர்களையும் தந்தவர்கள் உழவரும் வணிகரும் நுகர்வோருமே. அவற்றுக்கு வெவ்வேறு வரி விதித்த ஆயத்துறை அப்பெயர்களை ஏடுகளில் நிலைப்படுத்தியது.

மயக்கம் தரும் மூலப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால் இன்னது என்பது 1964ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டு வேதியியலார் கவோனி, மெக்கூலம் ஆகியோரால் தெளிவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் எழுந்த சட்டங்கள் யாவும் அப்பொருளை அறியாமலே எழுந்தவை என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

1893–94ஆம் ஆண்டு ஆணையம்

கஞ்சாவைத் தடுப்பதா, வரியிட்டு அடக்குவதா என்னும் வினா முறையாக ஆராயப்பட்டது இந்தியாவிலேயாகும். 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலப் பாராளுமன்றக் காமன்சு சபையில், மதுவிலக்குக் கொள்கையினரான வில்லியம் கெய்ன் என்பவர், வங்கத்தில் கஞ்சாவின் பயிர், விற்பனை, விளைவு ஆகியவற்றை ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என வினா எழுப்பினார். அவ்வாண்டு ஜூலையில் இந்திய அரசு ஆணையத்தை அமைத்தது. ஆராய்ச்சியின் எல்லை இந்தியா முழுமைக்கும் விரிக்கப்பட்டது. மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர் அமர்ந்தனர். அவருள் மூவர் இந்தியர். ஆணையம் 1,193 சாட்சியரின் கூற்றுகளைப் பெற்றது. மருத்துவர், ஆட்சியாளர், பாதிரிமார், உழவர், வணிகர் எனப் பலதிறத்தாரும் அவருள் அடங்குவர்.

ஆணையம் மேற்கொண்ட பணிகளுள், மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்தமை நம் கருத்துக்குரியது. கஞ்சாவால் பித்தம் கொண்டோர் மிகப் பலர் என்பது அந்நாளைய பொதுக்கருத்து. அதற்கு அப்பதிவேடுகளே சான்றாகக் காட்டப்பட்டன. உறுப்பினர் ஒவ்வொரு பதிவின் அடியையும் தேடிச் சென்றனர். நோயாளியைக் கொண்டுவந்த காவலர் 'காரணம்' என்னும் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. காரணம் தெரியாதவிடத்துக் கஞ்சா என்று எழுதிவிடும் வழக்கம் பரவியிருந்தது. அதுவே பின்னர் மருத்துவப் புள்ளிவிவரமாக உருப்பெற்றது. படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட சொல் ஒரு நாட்டின் கொள்கைக்குச் சான்றாகிய விந்தையை ஆணையம் இங்ஙனம் வெளிப்படுத்தியது.

1894ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை, அளவான நுகர்ச்சியால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை என்றும், மிகை நுகர்ச்சி தீங்கு தரும் என்றும், முழுத் தடை வேண்டுவதும் அன்று, தக்கதும் அன்று என்றும் கூறிற்று. பயிரை உரிமத்தால் வரையறுத்தல், கடைகளின் தொகையைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கத்தக்க அளவை வகுத்தல், போதிய வரி விதித்தல் என்பனவே அது காட்டிய வழிகள். இங்ஙனம் இந்தியாவில் கஞ்சா ஆயத்துறையின் பொருளாகவே நின்றது. நவகாமில் 1917ஆம் ஆண்டில் கஞ்சா பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழுந்தமை அந்நிலைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சொல்லின் கடற்பயணம்

அதே காலத்தில், அதே பேரரசின் வேறு நிலங்களில், வேறொரு வகைச் சட்டம் முளைத்திருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கியது. அவர்களைத் தொடர்ந்து சென்றோருள்ளும் தமிழர் பலர். 1870ஆம் ஆண்டில் நேட்டால் அரசு இயற்றிய கூலிச் சட்டத்தில், இந்தியக் கூலிகள் கஞ்சாச் செடியின் எப்பகுதியையும் புகைத்தலும் பயன்படுத்தலும் வைத்திருத்தலும், அவர்க்கு அதனை விற்றலும் கொடுத்தலும் தடுக்கப்பட்டன.

இச்சட்டத்தின் சொற்களில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, 'எப்பகுதியையும்' என்பது. இந்தியாவில் இலைக்கும் பூவுக்கும் இருந்த வேறுபாடு இதனால் அழிந்தது. மற்றொன்று, 'கூலி' என்பது. இச்சட்டம் பொருளை வரையறுத்ததோடு நில்லாது, ஆளையும் வரையறுத்தது. தோட்ட முதலாளியின் வேலை குறையலாகாது என்பதே அதன் நோக்கமாதலின், தொழிலாளியை ஒட்டியே தடை அமைந்தது. ஆயத்துறை வகுத்த சட்டத்துக்கும் தொழிலாளரை ஆளும் துறை வகுத்த சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

ஜமெய்க்காத் தீவின் வரலாறு இன்னும் தெளிவானது. 1845ஆம் ஆண்டு முதல் அங்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் செடியையும் பெயரையும் உடன்கொண்டு சென்றனர். 'கஞ்சா' என்னும் சொல் அத்தீவின் மக்கள் வழக்கில் நிலைத்து, 1913ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கஞ்சாச் சட்டத்தின் பெயராகவும் ஆயிற்று. இந்தியாவில் பூங்கதிரை மட்டும் குறித்த அச்சொல், ஜமெய்க்காவின் அபாயமான மருந்துப் பொருள்கள் பற்றிய சட்டத்தில் பிசின் நீக்கப்படாத செடியின் எல்லா உறுப்புகளையும் தழுவியது. சொல் ஒன்றே, பொருள் விரிந்தது. சிறப்புப் பெயர் பொதுப்பெயராதல் மொழியியலில் இயல்பான நிகழ்ச்சி. சட்டத்தில் அது நிகழுங்கால் சிறையின் வாயிலும் உடன் விரிகின்றது.

ஜெனீவா மாநாடு

கஞ்சா உலகப் பொதுச் சட்டத்துள் புகுந்தது 1925ஆம் ஆண்டிலாகும். தென்னாப்பிரிக்க அரசு 1923ஆம் ஆண்டில் நாட்டுக் கூட்டவையிடம் இதனைத் தீய மருந்துகளுள் சேர்க்குமாறு வேண்டியது. 1924ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவில் கூடிய அபினி மாநாட்டில் எகிப்து நாட்டுப் பேராளர் எல் குயிந்தி, தம் நாட்டில் ஹஷீஷ் விளைக்கும் தீங்கை எடுத்துரைத்துக் கஞ்சாவையும் தடைப் பொருளாக்க வேண்டும் என்றார். எகிப்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனைத் தடுத்த நாடு. இந்தியப் பேராளரோ, நாட்டின் சமய வழக்கங்களையும் சமுதாய நிலையையும் காட்டி உள்நாட்டுத் தடைக்கு உடன்படவில்லை.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே பிறந்த சமரசமே 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம். அது முதன்மையாக நாடுகளுக்கிடையேயான வணிகத்தையே கட்டுப்படுத்தியது. நாட்டுக்குள் நிகழும் நுகர்ச்சியை அவ்வந்நாட்டுக்கே விட்டது. அதில் 'இந்தியச் செடி' என்பதற்குத் தரப்பட்ட வரையறை, பிசின் நீக்கப்படாத பெண்செடியின் உலர்ந்த பூங்கதிர் அல்லது காய்க்கதிர் என்பதாகும். இந்திய வணிக வழக்கில் 'கஞ்சா' எனப்பட்டதே ஒப்பந்த வரையறையாயிற்று. இலை வெளியே நின்றது.

அமெரிக்க நாட்டின் வழி

ஐக்கிய அமெரிக்காவில் இச்செடியின் சாறு மருந்து நூலில் இடம்பெற்று, மருந்துக் கடைகளில் விற்கப்பட்டு வந்தது. 1937ஆம் ஆண்டில் ஹாரி ஆன்சிலிங்கர் தலைமையிலிருந்த மயக்கப் பொருள் துறையின் முயற்சியால் 'மரிஹுவானா வரிச் சட்டம்' நிறைவேறியது. மரிஹுவானா என்பது மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளரிடை வழங்கிய சொல். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சார்பில் சான்று கூறிய வில்லியம் உட்வர்டு என்னும் மருத்துவர், மருந்து நூலிலுள்ள கன்னாபிசே இங்குக் குறிக்கப்படுகின்றது என்பதை இம்மாற்றுப் பெயர் மறைத்துவிட்டதால், மருத்துவர் பலரும் சட்ட முன்வரைவின் பொருளை நெடுநாள் அறியாதிருந்தனர் என்று குறைகூறினார். பெயர் மாற்றமே எதிர்ப்பின்மைக்குக் காரணமாயிற்று என்பது அவர் கூற்றின் சாரம்.

இச்சட்டம் பெயரளவில் வரிச் சட்டமே. பதிவு செய்தோர்க்கு ஓர் அவுன்சுக்கு 1 டாலரும், பதிவு செய்யாதோர்க்கு 100 டாலரும் மாற்றுவரி விதிக்கப்பட்டது. பின்னதைச் செலுத்துவார் இலர் என்பது அறிந்தே விதிக்கப்பட்டமையின், வரி என்பது தடையின் வேடமாயிற்று. இந்தியாவில் வரி நுகர்ச்சியை அளவுபடுத்தும் கருவியாக நின்றதையும், அமெரிக்காவில் அதே சொல் நுகர்ச்சியை ஒழிக்கும் கருவியானதையும் ஒப்பிட்டுக் காண்க.

வரையறையிலும் ஒரு சிறு வரலாறு உண்டு. முன்வரைவு விதையையும் தழுவியிருந்தது. வளர்ப்புப் பறவைகளுக்கு இவ்விதையைத் தீனியாக விற்ற வணிகர் வந்து முறையிட்டனர். அதன் பயனாக முளைக்காதவாறு செய்யப்பட்ட விதையும், முதிர்ந்த தண்டும் நாரும், விதையின் எண்ணெயும் விலக்கப்பட்டன. மருத்துவர் கூற்றுக்கு இணங்காத வரையறை, பறவைத் தீனி வணிகரின் கூற்றுக்கு இணங்கிற்று.

இவ்வரிச் சட்டத்தின் அடிப்படையை 1969ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியது. 1970ஆம் ஆண்டில் எழுந்த புதிய சட்டமோ கஞ்சாவை மிகக் கடுமையான முதற் பட்டியலில் வைத்தது.

1961ஆம் ஆண்டு ஒப்பந்தமும் இலையின் நிலையும்

பல்வேறு மருந்து ஒப்பந்தங்களை ஒருங்கு தொகுத்த தனி ஒப்பந்தம் 1961ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் நியூயார்க்கு நகரில் நிறைவேறியது. அதன் வரையறைப்படி கஞ்சா என்பது, பிசின் நீக்கப்படாத பூங்கதிர் அல்லது காய்க்கதிராகும். கதிரோடு சேராத விதையும் இலையும் விலக்கப்பட்டன. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடுதலை ஒப்பந்தம் தடுக்கவில்லை. இலையைப் பொறுத்தவரை, தீய பயனைத் தடுக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதோடு அது அமைந்தது. பழைய வழக்கமுள்ள நாடுகள் மருத்துவம் சாராத நுகர்ச்சியை ஒழிக்க 25 ஆண்டுக் கெடு பெற்றன. ஒப்பந்தம் 1964ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தமையின், அக்கெடு 1989ஆம் ஆண்டு டிசம்பரில் முடிந்தது.

இலை வெளியே நின்றதன் விளைவை இங்கிலாந்தில் காணலாம். அந்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத்தின் வரையறையையே பெரும்பாலும் தழுவியது. பின்னர் ஒருவர் கதிரினின்று பிரிந்த இலையும் தண்டும் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். இலை 'கஞ்சா' என்னும் சொல்லில் அடங்காது என நீதிமன்றம் கொண்டது. இலையினுள் இயல்பாக அமைந்த வேதிப்பொருளைக் கொண்டு அவரைத் தண்டிக்க இயலாது எனப் பிரபுக்கள் சபையும் 1978ஆம் ஆண்டில் தீர்த்தது. இதற்கிடையே பாராளுமன்றம் 1977ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, முதிர்ந்த தண்டும் நாரும் விதையும் நீங்கலாகச் செடியின் எல்லா உறுப்புகளும் கஞ்சாவே என்றது. செடி மாறவில்லை, மருத்துவ அறிவும் மாறவில்லை. ஒரு சொல்லின் பொருளெல்லை மாறியவுடன், முன்னாள் குற்றமற்றவன் பின்னாள் குற்றவாளியாகும் நிலை தோன்றியது.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம்

கெடு நெருங்கிய காலத்தில் இந்தியப் பாராளுமன்றம் மயக்கமருந்துகளும் உளநிலை மாற்றும் பொருள்களும் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. 1985ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுக்கு மேலாக ஆயத்துறையின் பொருளாயிருந்த கஞ்சாவும் சரஸும் அன்று முதல் குற்றவியலின் பொருளாயின. எனினும் வரையறையில் பழமை எஞ்சியது. கதிரோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா என்று இச்சட்டமும் கூறிற்று. ஆதலின் இலையால் ஆகிய பாங்கு, மாநிலங்களின் ஆயச் சட்டங்களுக்கு உட்பட்டதாகவே நின்றது. 2022ஆம் ஆண்டில் கருநாடக உயர்நீதிமன்றம் பாங்கு பற்றிய வழக்கொன்றில் இக்கருத்தையே கொண்டு பிணை வழங்கிற்று.

இச்சட்டத்தின்படி 1,000 கிராம் வரையுள்ள கஞ்சா சிற்றளவு. 20 கிலோகிராமுக்கு மேற்பட்டது வணிக அளவு. முன்னதற்கு ஓராண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பின்னதற்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. கைப்பற்றப்பட்ட மூட்டையில் பூங்கதிரோடு தனியிலையும் விதையும் தண்டும் கலந்திருப்பின் எதனை நிறுப்பது என்னும் வினா உயர்நீதிமன்றங்களின் முன் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. இலையைச் சேர்த்து நிறுத்தால் பத்தாண்டு. நீக்கி நிறுத்தால் அதனிற் குறைவு. நவகாம் உழவரும் ஆயத்துறையினரும் வகுத்த பழைய பாகுபாடு இன்றும் ஒரு மனிதனின் பத்தாண்டு வாழ்வை முடிவு செய்ய வல்லதாயிருத்தல் காண்க.

நால்வகை நெறிகள்

1970க்குப் பின் நாடுகள் பிரிந்து சென்ற வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, தடையை ஏட்டில் நிறுத்திச் செயலில் பொறுத்துப்போதல். நெதர்லாந்து 1976ஆம் ஆண்டில் தன் அபினிச் சட்டத்தைத் திருத்திக் கஞ்சாவைக் கடிய மருந்துகளினின்று வேறு பட்டியலில் வைத்தது. விதிகளுக்கு உட்பட்ட விடுதிகள் ஒருவருக்கு 5 கிராம் வரை விற்பதை அரசு பொறுத்துக்கொள்கின்றது. ஆயின் அவ்விடுதி சரக்கை வாங்குதல் குற்றமாகவே இருந்தது. முன்வாயிலில் பொறுக்கப்பட்ட பொருள் பின்வாயிலில் தடைப்பொருளாயிற்று. இம்முரணைத் தீர்க்க, முறைப்படி விளைத்த சரக்கை வழங்கும் சோதனை 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பிரேடா, டில்பர்க்கு ஆகிய நகரங்களில் தொடங்கப்பட்டது.

இரண்டாவது, நுகர்ச்சியைக் குற்றவியலினின்று நலத்துறைக்கு மாற்றுதல். போர்த்துகல் 2001ஆம் ஆண்டு ஜூலை முதல், பத்து நாள் நுகர்ச்சிக்கு மேற்படாத அளவை வைத்திருப்போரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், மருத்துவ, சமூகப்பணி அறிஞர் அமர்ந்த குழுவின் முன் அனுப்புகின்றது. நுகர்ச்சி அங்கு இன்னும் விதிமீறலே, குற்றமன்று.

மூன்றாவது, சட்டத்துக்கு உட்பட்ட பொருளாக்குதல். உருகுவே 2013ஆம் ஆண்டு டிசம்பரில் உலகில் முதன்முதலாக நாடு தழுவிய சட்டம் இயற்றியது. வீட்டில் ஆறு செடி, கழகத்தில் கூட்டுப்பயிர், மருந்துக் கடையில் திங்களுக்கு 40 கிராம் என்னும் மூன்று வழிகளுள் ஒன்றைப் பதிவு செய்து கொள்ளலாம். கனடா 2018ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் முதல் உரிம வணிகத்தை அனுமதித்தது. ஆனால் கியூபெக்கு மாகாணம் 21 அகவைக்கு உட்பட்டோர்க்கு விற்பதையும் வீட்டுப் பயிரையும் தடுக்கின்றது. செருமனி 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் வைத்திருத்தலையும் வீட்டில் மூன்று செடி வளர்த்தலையும் அனுமதித்தது. ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ, வாசிங்டன் மாநிலங்கள் 2012ஆம் ஆண்டில் மக்கள் வாக்கால் தடையை நீக்கின. கூட்டரசின் தடையோ நீங்கவில்லை. ஒரே தெருவில் நிற்பவன் மாநிலச் சட்டத்தால் வணிகனும் கூட்டரசுச் சட்டத்தால் குற்றவாளியும் ஆகின்றான். நேட்டாலில் கூலிச் சட்டம் பிறந்த தென்னாப்பிரிக்காவில், வயதுவந்தோர் தனியிடத்தில் நுகர்தலைத் தண்டித்தல் தனிவாழ்வுரிமைக்கு முரணானது என அரசமைப்பு நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

நான்காவது, கடுந்தடை. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா என்பது அவ்வினச் செடியின் எப்பகுதியையும் குறிக்கும். 15 கிராமுக்கு மேல் வைத்திருப்பவன், மறுத்து மெய்ப்பித்தாலன்றி, கடத்துபவனாகக் கொள்ளப்படுவான்.

இந்நெறிகள் நிலையானவை அல்ல. தாய்லாந்து 2022ஆம் ஆண்டு ஜூனில் செடியைத் தடைப்பட்டியலினின்று நீக்கி, 2025ஆம் ஆண்டு ஜூனில் பூவுக்கு மட்டும் மருத்துவர் சீட்டு வேண்டும் என விதித்தது. மீண்டும் பூவே சட்டத்தின் எல்லையாயிற்று.

எடையும் விழுக்காடும்

உறுப்பால் வகுத்தலின் பின் எண்ணால் வகுத்தல் வந்தது. வைத்திருப்பதற்குத் தண்டனையில்லாத அல்லது மென்மையான எல்லை, நெதர்லாந்தில் 5 கிராம். செருமனியில் வெளியிடத்து 25 கிராம். கனடாவில் 30 கிராம். ஜமெய்க்காவில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 அவுன்சு. இவ்வெண்களுள் எதுவும் செடியின் இயல்பினின்று பிறந்ததன்று.

விழுக்காட்டின் வரலாறு இதனினும் விந்தையானது. 1976ஆம் ஆண்டில் எர்னெஸ்டு சுமால், ஆர்தர் கிரான்குவிஸ்டு என்னும் தாவர நூலார், மயக்கச் செடியையும் நார்ச் செடியையும் பிரித்தறிய உலர்ந்த பொருளில் 0.3 விழுக்காடு என்னும் எல்லையை வகைப்பாட்டின் வசதிக்காகக் கொண்டனர். அவ்வெண் பின்னர்ச் சட்டங்களில் ஏறியது. ஐக்கிய அமெரிக்கா 2018ஆம் ஆண்டில் அதனையே தன் வேளாண் சட்டத்தின் எல்லையாக்கியது. சுவிட்சர்லாந்தில் எல்லை 1 விழுக்காடு. இரண்டுக்கும் இடைப்பட்ட வலிமையுள்ள செடி ஒரு நாட்டில் வேளாண் விளைபொருள். மற்றொரு நாட்டில் தடைப்பொருள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. கஞ்சா பற்றிய சட்டங்கள் வேறுபடுதற்கு முதற்காரணம் வரையறை. பூவா, இலையா, முழுச் செடியா என்பதிலேயே நாடுகள் பிரிகின்றன. இரண்டாவது காரணம், அவ்வரையறையை வகுத்த துறை. ஆயத்துறை அளவை நாடியது. தொழிலாளரை ஆண்ட துறை அடக்கத்தை நாடியது. காவல்துறை ஒழிப்பை நாடியது. நலத்துறை மருத்துவத்தை நாடுகின்றது. மூன்றாவது, ஆராய்ச்சியின் முடிவுகள் சட்டத்தை அரிதாகவே இயக்கின. 1894ஆம் ஆண்டின் இந்திய அறிக்கையும், 1944ஆம் ஆண்டின் நியூயார்க்கு நகர அறிக்கையும், இங்கிலாந்தில் ஊட்டன் குழுவின் அறிக்கையும், 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஷேபர் ஆணைய அறிக்கையும் அச்சம் மிகைப்பட்டது என்றோ கடுந்தண்டனை பொருந்தாது என்றோ கூறின. அவை வெளிவந்த காலத்து அரசுகள் அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒதுக்கின. ஐக்கிய நாடுகளின் மயக்கமருந்து ஆணையம் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கஞ்சாவை மிகக் கடிய நான்காம் பட்டியலினின்று நீக்கியபொழுதும், ஆதரவு 27, எதிர்ப்பு 25 என்னும் சிறு வேறுபாடே இருந்தது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

கஞ்சா தீங்கற்றது என்பது எம் கருத்தன்று. இளையோரின் நுகர்ச்சியாலும் மிகை நுகர்ச்சியாலும் விளையும் கேட்டினை மருத்துவர் ஆய்ந்து கூறியுள்ளனர். 1894ஆம் ஆண்டு அறிக்கையும் மிகையின் தீங்கை மறுக்கவில்லை. எம் கருத்து பிறிதொன்று. தீங்கின் அளவுக்கேற்பத் தண்டனை அமைதல் வேண்டுமாயின், தீங்கு எதனில் உள்ளது என்பதைச் சட்டத்தின் சொல் சரியாகச் சுட்ட வேண்டும். வணிகன் இட்ட பெயர், கூலியை அடக்க விரிந்த பெயர், அயல்மொழியினின்று அச்சத்தோடு வந்த பெயர் ஆகியவற்றின் மேல் எழுப்பிய சட்டங்கள், செல்வாக்கற்ற எளியவரையே முதலில் பற்றின என்பதற்கு நேட்டால் சட்டம் சான்றாக நிற்கின்றது.

சட்டங்களை ஒப்பிடுவோர் பொதுவாகத் தண்டனைப் பகுதியையே முதலில் நோக்குவர். அதனினும் முன்னர் வரையறைப் பகுதியை நோக்குதல் வேண்டும் என்க. நேட்டால், ஜமெய்க்கா, மலாயா முதலிய நாடுகளுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் வரலாற்றை ஆராயும் மாணவர், அவ்வந்நாட்டுக் கூலிச் சட்டங்களின் வரையறைச் சொற்களைத் தொகுத்து ஒப்புநோக்குவாராயின், இத்துறையில் இன்னும் பல உண்மைகள் வெளிப்படும்.